வேலூரில் வைத்த தகடு

காவலூருக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஆகாயத்தைப் பார்க்கத்தான் வருகிறார்கள். ஜவ்வாது மலையில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 725 மீட்டர் உயரத்தில், காட்டுக்கு நடுவே ஒதுங்கிக் கிடந்த இந்தச் சிற்றூரைத் தேடிக் கண்டுபிடித்தவர் வைனு பாப்பு என்ற வானநூல் மேதை. 1968-இல் இங்கே முதல் தொலைநோக்கி வந்தது. 1986-இல் 2.34 மீட்டர் குறுக்களவுள்ள பெரிய கண்ணாடி வந்தது. நானும் நட்சத்திரம் பார்க்கத்தான் போனேன். நான் போன அன்று மேகம் வந்து மூடிக்கொண்டது. அதற்கு யாரைக் குறை சொல்வது? சாயங்காலம் வரை பொழுதைப் போக்க வேண்டுமே என்று, ஊருக்குச் சற்றுத் தள்ளிப் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த மேட்டு நிலத்தில் ஒரு பாறைமேல் போய் உட்கார்ந்தேன்.

சாமை அறுத்த நிலம் அது. நடுவில் ஒரு கோடு கிழித்து, மூன்று குச்சி நட்டிருந்தார்கள். மட்டை ஒன்றுதான். பந்து மட்டும் புதியது. வழக்கமாக ரப்பர் பந்தில் ஆடுகிறவர்களாம். யாரோ வாணியம்பாடிக்குப் போனவன், எல்லோருடைய காசையும் சேர்த்து அன்றைக்குத்தான் சிவப்பாக ஒரு கார்க் பந்து வாங்கி வந்திருந்தான். புதுப் பந்து வந்த உற்சாகத்தில் ஆட்டமும் முறையாக நடக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது போலும். தொலைக்காட்சியில் பார்த்தபடி ஒரு பையனை மட்டைக்காரனுக்கு மூன்று கஜ தூரத்தில் குனிந்து நிற்க வைத்தார்கள். பன்னிரண்டு அல்லது பதின்மூன்று வயதிருக்கும்.

மட்டைக்காரன் கண்ணை மூடிக்கொண்டு விளாசினான். பந்து அந்தச் சின்னவனின் காதுக்கு மேலே பட்டது. விறகுக் கட்டையில் கோடாலியின் பின்புறம் பட்டாற்போல ஒரு சத்தம்.

பையன் உட்கார்ந்துவிட்டான். ஓடிப் போய்த் தண்ணீர் ஊற்றினார்கள். ஒருவன் தலையை அழுத்தித் தேய்த்தான். இரண்டு நிமிஷம் கழித்துச் சின்னவன் எழுந்து, கால்சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "ஒண்ணும் இல்லடா, போடு" என்று மறுபடி அதே இடத்தில் குனிந்து நின்றான். எல்லோரும் கை தட்டினார்கள். வாசகர்களிடம் மறைப்பானேன்? பாறைமேல் உட்கார்ந்திருந்த நானும் தட்டினேன். அடிபட்டவன் எழுந்து நின்றால் கை தட்டுவது நமக்கெல்லாம் சிறு வயதிலிருந்தே வந்துவிட்ட பழக்கம்.

இரவு எட்டு மணிக்கு அந்தப் பையனின் தாத்தா நான் தங்கியிருந்த இடத்துக்கு வந்தார். நான் வாடகைக் காரில் வந்திருப்பது ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது. "சாமி, பேரன் வாந்தி எடுக்கிறான். தலை நோவுதுங்கிறான். சோறு தின்னாமப் படுத்தவனை எழுப்பினாக் கண்ணைத் தொறக்க மாட்டேங்கிறான்" என்றார். அவனைப் பின்சீட்டில் கிடத்திக்கொண்டு மலையிறங்கினோம். ஆலங்காயம், வாணியம்பாடி, அப்புறம் நெடுஞ்சாலை. ஒவ்வொரு வளைவிலும் கிழவர், "டேய், பேசுடா" என்று அவன் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தார்.

கீழே நகரத்து ஆஸ்பத்திரியில் அவனுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். மண்டைக்குள் இரத்தக் கசிவு இல்லை, மூளை அதிர்ச்சிதான் என்று விடியற்காலையில் சொன்னார்கள். இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். ஆனால் அந்த இளம் டாக்டர் என்னைத் தனியே அழைத்து, "அடிபட்ட பிறகு ஆடினானா?" என்று கேட்டபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் படிக்காதவன். மருத்துவம் எனக்குத் தெரியாது. அவர் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார்.

காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டை ஒட்டிய இடத்தில் மண்டையோடு மிக மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டியே ஒரு இரத்தக் குழாய் ஓடுகிறது. எலும்பு கீறினால் அந்தக் குழாயும் அறுபடலாம். அறுந்தால் இரத்தம் எலும்புக்கும் மூளை உறைக்கும் நடுவே சிறுகச் சிறுகச் சேரும். மண்டை ஒரு மூடிய குடம். இரத்தம் வெளியேற வழி கிடையாது. மூளைதான் நசுங்க வேண்டும். இதில் கொடுமை என்னவென்றால், அடிபட்டவன் முதலில் மயங்கி, உடனே தெளிந்து, எழுந்து, பேசி, சில சமயம் சாப்பிட்டும்கூட விடுவான். அவன் பிழைத்துவிட்டான் என்று எல்லோரும் நிம்மதியாக இருக்கிற அந்தச் சில மணி நேரந்தான் வைத்தியருக்குக் கிடைக்கிற நேரம். அதைத்தான் நாம் கை தட்டிப் போக்கிவிடுகிறோம்.

படம் போட்டு முடித்துவிட்டு அந்த டாக்டர், "நாரி காண்டிராக்டர் கதை தெரியுமா உங்களுக்கு?" என்றார். பெயர் தெரியும், கதை அரைகுறையாகத் தெரியும் என்றேன். அந்தக் கதையின் கடைசி அத்தியாயம் வேலூரில் நடந்தது என்பது எனக்கு அதுவரை தெரியாது. காவலூர் மலையிலிருந்து இறங்கிப் போகிற அதே சாலையின் கோடியில் இருக்கிற வேலூர்!

நாரி காண்டிராக்டர் 1934-இல் கோத்ராவில் பிறந்த பார்சிக்காரர். இடக்கை ஆட்டக்காரர். 1959-இல் லண்டனில் லார்ட்ஸ் மைதானத்தில் ஸ்டேதம் என்ற வேகப் பந்து வீச்சாளரின் பந்து பட்டு அவருக்கு விலா எலும்பு முறிந்தது. முறிந்த விலாவோடு நின்று 81 ஓட்டம் எடுத்தார். அந்த 81-ஐ இன்றைக்கும் கொண்டாடுகிறார்கள். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் விலாவுக்கும் மண்டைக்கும் வித்தியாசம் உண்டு. விலா முறிந்தால் வலி கத்திச் சொல்லிவிடும். மண்டைக்குள் கசிகிற இரத்தம் அப்படிச் சத்தம் போடுவதில்லை.

1962-இல் அவர் இந்திய அணியின் தலைவராக மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனார். இரண்டு டெஸ்டுகள் தோற்றாகிவிட்டது. மூன்றாவது டெஸ்டுக்கு முன்னால் பிரிட்ஜ்டவுனில் பார்படாஸ் அணியோடு ஒரு பந்தயம். மார்ச் 17-ஆம் தேதி காண்டிராக்டர் ஆட்டத்தைத் துவக்க இறங்கினார். சார்லி கிரிஃபித் பந்து வீசினார். அந்தக் காலத்தில் அங்கே பந்து வீச்சாளருக்குப் பின்னால், பந்து தெளிவாகத் தெரிவதற்கென்று வைக்கும் வெள்ளைத் திரை கிடையாது. பந்து வருகிற நேரம் பார்த்துப் பின்னால் இருந்த கட்டடத்தில் யாரோ ஒரு ஜன்னலைத் திறந்தார்கள். கவனம் சிதறிவிட்டது என்பது காண்டிராக்டர் பிற்காலத்தில் சொன்ன விவரம். அவர் குனிந்ததால்தான் பட்டது என்று பார்த்தவர்கள் சிலர் எழுதினார்கள். தாம் குனியவே இல்லை என்பது அவர் கட்சி. எப்படியானாலும் பந்து வலது காதுக்குச் சற்று மேலே பட்டது.

ஜன்னலைத் திறந்தவர் யாரோ, பாவம். காற்றுக்காகத் திறந்திருப்பார்.

காண்டிராக்டரை வெளியே அழைத்து வந்தார்கள். பிறகு மூக்கிலும் காதிலும் இரத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் மண்டையோடு உடைந்திருப்பது தெரிந்தது. நிலைமை மோசமாகிக்கொண்டே வந்தது. அவசரமாக அறுவை செய்தார்கள். இரத்தம் தேவைப்பட்டது. எதிர் அணியான மேற்கிந்தியத் தீவுகளின் தலைவர் ஃபிராங்க் வொரல் முன்னால் வந்து கையை நீட்டினார். நம்மவர்களில் சந்து போர்டே, பாபு நட்கர்னி, பாலி உம்ரிகர் முதலியோர் கொடுத்தார்கள். ஆறு நாட்கள் அவருக்கு நினைவு இல்லை. வொரல் அன்று கொடுத்த இரத்தத்தின் ஞாபகமாகக் கல்கத்தாவில் 1981 முதல் பிப்ரவரி 3-ஆம் தேதியை அவர் பெயரால் கொண்டாடி இரத்த தானம் நடத்தி வருகிறார்கள். பந்தயத்தில் நமக்கு எதிராக நின்ற ஒருவருக்கு நம் ஊர் செய்திருக்கிற மரியாதைகளில் இதைவிட உயர்ந்தது எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

அதே ஆட்டத்தில் கிரிஃபித் ஒரு பந்தை வீசாமல் எறிந்துவிட்டார் என்று நடுவர் கார்டெஸ் ஜோர்டன் அறிவித்தார். அந்தச் சர்ச்சை கிரிஃபித்தைப் பல வருஷங்கள் தொடர்ந்தது. காண்டிராக்டரோ அவர்மேல் குற்றம் சொன்னதே இல்லை. அணித் தலைமை 21 வயதுப் பட்டோடிக்கு வந்தது. அவரும் அடிபட்டவர்தான். முந்தைய வருஷம் இங்கிலாந்தில் ஹோவ் நகரில் கார் விபத்தில் வலது கண் பார்வையை இழந்தவர். மண்டை உடைந்த தலைவருக்குப் பதில் ஒற்றைக் கண் தலைவர்! ஒரு நாவலில் இப்படி எழுதினால் பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

உயிர் பிழைத்தாயிற்று. ஆனால் உள்ளே சேர்ந்த இரத்தத்தை எடுப்பதற்காக எலும்பை அகற்றிய இடம் திறந்தே இருந்தது. மேலே வெறும் தோல், அடியில் மூளை. அப்படியே விட்டால் நடக்கிறபோது தடுக்கி விழுந்தால்கூட ஆபத்து. அந்த இடைவெளியை உலோகத் தகடு கொண்டு மூட வேண்டும். அதைச் செய்யத்தான் அவர் வேலூருக்கு வந்தார்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் கதை எல்லோருக்கும் தெரிந்தது. 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்தது. அங்கே 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி வந்து சேர்ந்தார். கேரளத்தில் 1910-இல் பிறந்தவர். கனடாவில் மாண்ட்ரீல் நகரில், மூளையின் எந்தப் பகுதி எந்த வேலையைச் செய்கிறது என்று வரைபடம் போட்ட வைல்டர் பென்ஃபீல்டிடம் பாடம் கேட்டவர். இந்தியாவிலேயே நரம்பு அறுவைக்கென்று முதல் துறையை அவர் ஆரம்பித்தது டெல்லியிலும் அல்ல, பம்பாயிலும் அல்ல, வெயிலுக்கும் கோட்டைக்கும் பெயர்போன வேலூரில். மேல்நாட்டில் தொழில் கற்றவர்கள் பெரிய பட்டணத்தைத் தேடிப் போகிற காலத்தில் அவர் இங்கே வந்து உட்கார்ந்தார். 1964-இல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 2007-இல் காலமானார்.

இன்றைக்கு ஒரு மலை கிராமத்துப் பையனை அரை ராத்திரியில் கொண்டுபோனால் சில நிமிஷங்களில் மண்டைக்குள் இருப்பதைப் படம் பிடித்துக் காட்டிவிடுகிறார்கள். அந்த ஸ்கேன் இயந்திரத்தில் முதன்முதலாக ஒரு நோயாளியை வைத்துப் பார்த்தது 1971-இல், லண்டனில். சாண்டி காலத்தில் அது கிடையாது. சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், மூளை தெரியாது. இரத்தக் குழாயில் மருந்து செலுத்திப் படம் எடுத்து, அந்தக் குழாய் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்பதை வைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று ஊகிக்க வேண்டும். மிச்சத்தைக் கண்ணும் விரலும் அனுபவமும் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட ஒருவர்தான் காண்டிராக்டரின் மண்டையில் தகட்டைப் பொருத்தினார்.

அந்தத் தகடு எத்தனை காலம் இருந்தது தெரியுமா? அறுபது வருஷம். அதன் மேலிருந்த தோல் நைந்து போனதால், 2022 ஏப்ரலில் பம்பாயில் அதை எடுத்தார்கள். அப்போது காண்டிராக்டருக்கு வயது 88. தகட்டோடு அவர் சும்மா வீட்டில் உட்கார்ந்திருக்கவும் இல்லை. டெஸ்ட் ஆட்டத்துக்கு மறுபடி அவரைக் கூப்பிடவில்லையே தவிர, உள்நாட்டுப் பந்தயங்களில் 1970-71 வரை ஆடினார்.

அடிபட்டவனை மறுபடி நடமாட வைக்கிற கலையிலும் வேலூருக்குத் தனி இடம் உண்டு. 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு புனர்வாழ்வு மருத்துவத்தை அங்கே வேரூன்ற வைத்தார். அது தனிக் கட்டுரையாக எழுத வேண்டிய விஷயம்.

உடைந்த மண்டையை மூடுவதற்கு ஆள் கிடைத்தது இவ்வளவு சீக்கிரம். மண்டை உடையாமல் தடுப்பதற்கு எத்தனை நாள் ஆயிற்று என்று பாருங்கள்.

1933-இலேயே ஹெண்ட்ரன் என்ற இங்கிலாந்துக்காரர், தம் மனைவி தைத்துக் கொடுத்த, காதை மூடுகிற ஒரு விநோதத் தொப்பியோடு லார்ட்ஸில் இறங்கினார். அதை வேடிக்கையாகப் பார்த்தார்களே ஒழிய யாரும் பின்பற்றவில்லை. காண்டிராக்டர் விழுந்த பிறகும் யாரும் அசையவில்லை. தலைக்கவசம் போட்டால் பயந்தவன் என்று பெயர் வந்துவிடும்! 1970-களின் பிற்பகுதியில்தான் டென்னிஸ் அமிஸ் என்பவர் மோட்டார் சைக்கிள் கவசம் போன்ற ஒன்றைச் செய்து போட்டுக்கொண்டார். டெஸ்ட் ஆட்டத்தில் முதன்முதல் முழுக் கவசம் அணிந்தவர் ஆஸ்திரேலியாவின் கிரஹாம் யாலப். எங்கே, எப்போது? அதே பிரிட்ஜ்டவுனில், 1978 மார்ச் 17-ஆம் தேதி. காண்டிராக்டர் அடிபட்டுச் சரியாகப் பதினாறு வருஷம் முடிந்த நாள். ஜனங்கள் என்ன செய்தார்கள்? யாலபைக் கேலி செய்து கூச்சல் போட்டார்கள். காவலூர்ப் பாறைமேல் நான் கை தட்டியதும் பார்படாஸில் அவர்கள் கூச்சல் போட்டதும் ஒரே காரியத்தின் இரண்டு பக்கங்கள் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

கவசம் வந்த பிறகாவது? 1998 பிப்ரவரி 20-ஆம் தேதி டாக்காவில் ஒரு கிளப் பந்தயம். நம் நாட்டுக்காக ஆடிய ரமன் லாம்பா அங்கே ஆடிக்கொண்டிருந்தார். ஓவர் முடிய மூன்று பந்துகள் இருக்கும்போது மட்டைக்காரனுக்கு மிக அருகில் போய் நின்றார். கவசம் வேண்டுமா என்று கேட்டதற்கு, மூன்று பந்துதானே, வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். மட்டையிலிருந்து பறந்த பந்து அவர் தலையில் பட்டு, பின்னால் நின்ற விக்கெட் காப்பாளர் கையில் போய் விழுந்தது. லாம்பா எழுந்தார். நடந்தே உள்ளே போனார். பிறகுதான் நினைவு தப்பியது. 23-ஆம் தேதி இறந்துபோனார். வயது 38. அந்த இளம் டாக்டர் எனக்குத் தாளில் வரைந்து காட்டிய சங்கதிதான். எழுந்து நடந்தாரே என்ற தைரியம் எத்தனை பேரை ஏமாற்றியிருக்கிறது!

2014 நவம்பரில் சிட்னியில் ஃபிலிப் ஹியூஸ் என்ற 25 வயது இளைஞர் கவசம் போட்டிருந்தும் இறந்தார். பந்து கவசத்துக்குக் கீழே, கழுத்தில் பட்டு, மூளைக்குப் போகும் இரத்தக் குழாயைக் கிழித்துவிட்டது. கழுத்துக்கும் காப்பு வந்தது. ஆஸ்திரேலியாவில் அதைக் கட்டாயமாக்க 2023 வரை ஆயிற்று. தலையில் அடிபட்டவனுக்குப் பதில் வேறொருவன் ஆடலாம் என்ற விதி டெஸ்ட் ஆட்டத்துக்கு வந்தது 2019 ஆகஸ்டில். வந்த அந்த மாதமே லார்ட்ஸில் ஸ்டீவ் ஸ்மித் கழுத்தில் அடிபட்டு விழுந்து, வெளியே போய், முக்கால் மணி நேரத்துக்குள் திரும்பி வந்து ஆடினார். மறுநாள் காலையில் தலை சுற்றுகிறது என்றார். ஆடக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். உலகத்திலேயே சிறந்த டாக்டர்கள் கூடவே இருக்கிற அணியில் இந்தக் கதை!

ஆட்டக் காயம் என்றால் மண்டை மட்டும்தானா என்று கேட்கலாம். இல்லைதான். எங்கள் பக்கத்தில் கபடியில் கணுக்கால் பிசகினால் நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றி உருவி விடுவார்கள். உருவ உருவ வீக்கம் அதிகமாகும். ஐஸ் வை, அசையாதே, இறுக்கிக் கட்டு, காலைத் தூக்கி வை என்ற நான்கு சொற்களை 1978-இல் கேப் மிர்கின் என்ற அமெரிக்க டாக்டர் எழுதி உலகம் முழுக்கப் பரப்பினார். 2014-இல் அவரே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தம் வார்த்தையை மாற்றிக்கொண்டார். தம் பெயருக்குப் புகழ் தந்த சொல்லைத் தாமே திருத்துகிற மனம் எல்லோருக்கும் வராது. எலும்பு முறிந்தால் திருத்தணி தாண்டிப் புத்தூருக்குப் போய், பச்சிலையும் முட்டை வெள்ளைக்கருவும் வைத்து, மூங்கில் பத்தைக் கட்டுப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் இன்றும் உண்டு. நகராத எலும்பு அசையாமல் இருந்தால் கூடிவிடும். அந்தக் கட்டுக்காரர்களை நான் குறை சொல்ல வரவில்லை. தை மாசத்தில் வேலூர், திருப்பத்தூர்ப் பக்கங்களில் எருது விடும் திருவிழா நடக்கிறபோது எத்தனை எலும்புகள் முறிகின்றன என்பது அவர்களுக்குத்தான் தெரியும். கால், கை தவறாகக் கூடினால் நொண்டலாம், வளைந்து போகலாம், மனிதன் இருப்பான். மண்டைக்குள் கசிந்தால் பச்சிலைக்கும் நேரமில்லை, கார் தேடுவதற்கும் நேரமில்லை. அன்று இரவு நான் அங்கே தங்காமல் இருந்திருந்தால் அந்தக் கிழவர் யார் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பார் என்று யோசிக்கும்போது இப்போதும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

மூன்று மாதம் கழித்து மறுபடி காவலூருக்குப் போனேன். இந்தத் தடவை ஆகாயம் பளிச்சென்று இருந்தது. சனிக் கிரகத்தின் வளையத்தைப் பார்த்தேன். ஆனால் முதலில் போனது மேட்டு நிலத்துக்குத்தான். ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அடிபட்ட பையன் பாறைமேல் உட்கார்ந்து ஓட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தான். அவனுக்கு டாக்டர் சொன்ன தவணை முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் தாத்தா இன்னும் விடவில்லையாம்.

மட்டைக்காரன் தலையில் பளபளவென்று ஒரு மோட்டார் சைக்கிள் ஹெல்மெட். காட்டு இலாகாவில் வேலை பார்க்கிற ஒருவருடைய பழையது என்றார்கள். அவன் தலைக்குப் பெரியது. உள்ளே துண்டைச் சுருட்டி வைத்திருந்தான். பந்து வீச்சாளன் ஓடி வருவது அவனுக்குப் பாதிதான் தெரியும் என்று நினைக்கிறேன். மட்டைக்குப் பக்கத்தில், மூன்று கஜ தூரத்தில், வேறொரு சின்னப் பையன் வெறுந்தலையோடு குனிந்து நின்றான்.

"அவனுக்கு?" என்று கேட்டேன்.

பாறைமேல் இருந்தவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "ஒண்ணுதானே இருக்குது சார்" என்றான்.